உடன் ஊழியரும் மேலதிகாரிகளும்: தரங்கம்பாடி அருட்பணி வரலாறு தரும் பாடம்

முன்னுரை

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும்போது இரத்தசாட்சிகளைப் பற்றியும் பெரும் உபத்திரவங்களைப் பற்றியும் நாம் விரிவாகப் பேசுகிறோம். அது தகுதியானதே. ஆயினும், முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்த ஒரு போதகரிடம், "உம்மை மிகுதியாக வருத்தியது எது?" என்று வினவினால், புறச்சமயத்தாரின் எதிர்ப்பு என்று அவர் விடையளிப்பது அரிது. தம்மோடு ஒரே சேகரத்தில் பணியாற்றிய உடன் ஊழியரின் சொல்லும் செயலும், தம்மை ஆதரித்து நடத்தவேண்டிய மேலதிகாரியிடமிருந்து வந்த ஒரு கடிதமுமே தம் உறக்கத்தைக் கெடுத்தன என்று அவர் சொல்லக்கூடும். குருமார் கூடுகைகளில் பகலில் மேடையின்மீது பேசப்படுவது ஒன்று; இரவு உணவுக்குப் பின் விடுதித் தாழ்வாரத்தில் பேசப்படுவது வேறொன்று. இந்த இரண்டாவது பேச்சுக்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இடமில்லாமையால் ஒரு தீங்கு விளைகிறது. உடன் ஊழியரால் நேரும் எரிச்சலை எப்பெயரால் அழைப்பது என்று அறியாத நாம், அதனைச் சிலுவை என்றும் உபத்திரவம் என்றும் அழைத்துவிடுகிறோம். அவ்வாறு அழைத்தவுடன் நாம் நீதிமான்கள் ஆகிவிடுகிறோம். எதிரில் நிற்பவர் ஏரோது ஆகிவிடுகிறார். அதன்பின் நம் குற்றத்தை ஆராயும் அவசியம் நமக்குத் தோன்றுவதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது நம் மண்ணிலேயே நிகழ்ந்த வரலாறு. 1706 முதல் 1720 வரை தரங்கம்பாடியில் பணியாற்றிய முதல் சீர்திருத்த அருட்தொண்டர்களின் சாதனைகள் நூற்றாண்டு விழாக்களில் போற்றப்பட்டுள்ளன. அவர்கள் தம் மேலதிகாரிகளோடும் தம்முள் ஒருவரோடொருவரும் பட்ட பாடு அவ்வளவாகப் போற்றப்படவில்லை. அதுவே இங்கு நமது பொருள்.

1. இரு எஜமானர்கள்

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் காலூன்றியது 1620ஆம் ஆண்டில். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அவர்கள் அங்குக் குடியேறி, டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். அது வணிகக் கம்பெனியின் ஊர். மிளகும் துணியும் அவ்வூரின் கவலைகள். அண்டை அரசோடு பகையின்றி வாழ்வதும், ஊரில் வாழ்ந்த பல சமயத்தாரிடையே கலகம் எழாமற் பார்த்துக்கொள்வதும் கோட்டைத் தளபதியின் கடமைகள்.

இவ்வூருக்கு அருட்தொண்டரை அனுப்பியவர் கம்பெனியார் அல்லர்; டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அவர் தெரிந்தெடுத்த இருவரும் ஜெர்மானியர். பர்த்தலொமேயு சீகன்பால்கு 1682இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸில் பிறந்தவர். ஹென்ரிக் புளுட்சோ அவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் மூத்தவர். ஹாலே நகரில் பிராங்கே என்பார் வளர்த்த பக்தி இயக்கத்தின் செல்வாக்கில் இருவரும் உருவானவர்கள். ஆகவே இவர்களுக்குப் படியளந்தவர் அரசர். இவர்கள் வாழ்ந்த ஊரை ஆண்டது கம்பெனி. இவர்கள் உள்ளத்தை உருவாக்கியது ஹாலே. இவர்கள் யாருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

இதனை நாம் முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருவர் மோதும்போது, அவர் குணம் இப்படி, இவர் குணம் அப்படி என்று குணங்களையே நாம் ஆராய்கிறோம். குணத்திற்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாரத்தின் எல்லை வரையறுக்கப்படாத இடத்தில் சாதுவான இருவரும் சண்டையிடுவர். ஒரு தளபதியின் பட்டணத்திற்குள், அவரைக் கேளாமல், அவருக்கும் மேலான ஒருவரின் முத்திரையோடு இரண்டு இளைஞர் வந்திறங்கினால் அவர் மனம் எவ்வாறிருக்கும் என்பதை நடுநிலையோடு எண்ணிப்பார்க்க வேண்டும்.

2. சந்தைவெளியில் நின்ற இருவர்

1705 நவம்பர் இறுதியில் புறப்பட்ட அவ்விருவரும் ஏழு மாதங்களுக்கு மேலாகக் கடலில் பயணம் செய்து, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அவர்களை வரவேற்க எவரும் விரையவில்லை. கரையேறியபின்னும் வெயிலில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டனர். தளபதி ஜோஹான் சிகிஸ்மண்ட் ஹாசியஸ் பிற்பகலில் வந்து, எதற்காக வந்தீர்கள் என்ற பொருளில் கடுமையாக வினவி, அவர்களைச் சந்தைவெளியில் விட்டுவிட்டுத் தம் வழியே சென்றார். அவர்கள்மீது இரக்கங்கொண்ட ஒருவர் தங்க இடம் காட்டும்வரை, அரசரின் ஆணையைக் கையில் வைத்திருந்த அவ்விருவரும் தெருவில் நின்றனர்.

அவர்கள் செய்தது என்ன? அரசருக்கு முறையீடு எழுதி விடை வரும்வரை காத்திருக்கவில்லை. கடிதம் போய்ச்சேரவே பல மாதங்கள் செல்லும். அவர்கள் உடனே மொழி கற்கத் தொடங்கினர். சீகன்பால்கு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்து பயின்றது நாம் அறிந்ததே. புளுட்சோவுக்குத் தமிழ் கடினமாயிருந்தது. எனவே அவர் போர்த்துக்கீசு மொழி பேசுவோரிடையே பணி செய்வதென்றும், சீகன்பால்கு தமிழ்ப் பணியைக் கவனிப்பதென்றும் வேலை பிரிந்தது.

இப்பிரிவினையை நாம் சாதாரணமாகக் கருதிவிடக் கூடாது. மூத்தவர் ஒருவர், தம்மினும் இளையவர் தம்மைக் காட்டிலும் விரைந்து முன்னேறுவதைக் கண்டு, அதே வயலில் போட்டியிடாமல் வேறொரு வயலைத் தெரிந்துகொண்டார். நம் சேகரங்களில் எத்தனை மனத்தாங்கல்கள் இந்த ஒரு காரியத்தைச் செய்யாமையால் வளர்கின்றன! இருவருக்கும் ஒரே பிரசங்க மேடையும் ஒரே பாடகர் குழுவும் ஒரே கணக்குப் புத்தகமும் கொடுக்கப்படுகின்றன; பின்பு இருவரும் ஒருமனமாயிருக்கும்படி புத்திசொல்லப்படுகிறது. வேலையைப் பிரித்துக் கொடுத்தல் ஆவிக்குரிய காரியமன்று என்று எண்ணுவோர், அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தல் நலம்.

1707 மே மாதத்தில் முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் சிறிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வந்திறங்கிய நாளின் அவமானத்துக்கும் இப்பிரதிஷ்டைக்கும் இடையே ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலமே சென்றிருந்தது.

3. விதவையின் வழக்கு

1708ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வேறு வகையானது. நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனியின் துபாஷியாயிருந்த ரோமன் கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே ஒரு கடன் விவகாரம் இருந்தது. அதனால் தொல்லையுற்ற அந்த நாவிதரின் விதவைக்காக சீகன்பால்கு பரிந்து பேசினார். இத்தகைய வழக்குகளில் அவர் தலையிட்டது முதல் தடவையன்று. டேனிஷ் ஆலயத்தில் தளபதிக்கு முன்பாக முழங்காற்படியிட்டு மன்றாடும்படி அவ்விதவைக்கு அவர் ஆலோசனை கூறினார் என்பது ஹாசியஸின் சினத்தைத் தூண்டியது. சாட்சி சொல்ல வருமாறு அழைக்கப்பட்டபோது, கேள்விகளை எழுத்து மூலமாகத் தரும்படி சீகன்பால்கு கேட்டார். அதன் விளைவாகக் கைது செய்யப்பட்டார். விடையளிக்க மறுத்ததால் சிறையிலடைக்கப்பட்டார். 1708 நவம்பர் 19 முதல் 1709 மார்ச் 26 வரை, நான்கு மாதங்களுக்குச் சற்று மேலாக, அவர் கோட்டையில் அடைபட்டிருந்தார்.

இந்நிகழ்ச்சியை முதல் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சந்தைவெளியில் அவமதிக்கப்பட்டவர் சீகன்பால்கு. அங்கே அவர் நின்று பொறுத்தார். விதவையின் வழக்கில் நெருக்கப்பட்டவர் இன்னொருவர். அங்கே அவர் பொறுக்கவில்லை. தம் மரியாதைக்கு நேர்ந்த குறைவையும் பிறர் உரிமைக்கு நேர்ந்த குறைவையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. நாமோ பெரும்பாலும் மறுதலையாக நடக்கிறோம். அழைப்பிதழில் நம் பெயர் கீழே அச்சிடப்பட்டால் ஆறு மாதங்கள் பேசாதிருக்கிறோம். கோவில்பிள்ளைக்கு மூன்று மாதச் சம்பளம் நிற்கும்போது, நிர்வாகத்தில் தலையிடுவது நம் வேலையன்று என்கிறோம்.

அவ்வாறு சொல்லியபின், சீகன்பால்குவின் பக்கத்திலும் குறையுண்டு என்பதை மறைப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. அவர் சீக்கிரம் கொதிப்பவர். தாம் சரியென்று கண்டதில் வளையாதவர். ஆராதனை நடைபெறும் இடத்தில் அதிகாரியை அனைவர் கண்முன்பாகவும் இக்கட்டில் நிறுத்தும் ஆலோசனை, நியாயமான வழக்குக்கு ஞானமான வழியாயிருந்ததா என்பது கேள்விக்குரியதே. பேதுரு அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தில், நன்மை செய்து பாடுபடுவதையும் தன் குற்றத்துக்காக அடிபடுவதையும் பிரித்துக் காட்டுகிறார். நம் அனுபவத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்தே இருக்கும். சிறையிலிருப்பவனுடைய காரணம் நீதியானது என்பதால் அவன் நடந்துகொண்ட முறை முழுவதும் நீதியாகிவிடாது.

சிறையில் அவர் சும்மாயிருக்கவில்லை. கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகப் பணியைப் பற்றியும் இரு நூல்களை ஜெர்மன் மொழியில் எழுதினார். மேலதிகாரியின் கடுமையால் அடைபட்டவன், போதகன் எப்படியிருக்க வேண்டும் என்று எழுதினான் என்பதை இறையியல் மாணவர் கருத்தில் வைக்கவேண்டும். தளபதி எப்படியிருக்க வேண்டும் என்று எழுதும் சோதனை அவருக்கும் நேர்ந்திருக்கும்.

4. உடன் ஊழியர்

1709 ஜூலையில் மூன்று புதிய ஊழியர் வந்தனர்: ஜோஹான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர், ஜோஹான் கேயார்க் போவிங், பாலிகார்ப் யோர்டான். ஆள் பலம் பெருகியது, சமாதானம் பெருகவில்லை. போவிங் ஹாலே மரபைச் சார்ந்தவரல்லர். பழைய லூத்தரன் வைதீக மரபில் நின்ற அவருக்கு, சீகன்பால்குவின் நடைமுறைகள் பல பிடிக்கவில்லை. ஒரே மேசையில் உண்டு, ஒரே சபைக்கு ஊழியம் செய்த அவர்களிடையே கசப்பு வளர்ந்தது. இரண்டாண்டுகளுக்குள், 1711இல், போவிங் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். தரங்கம்பாடிப் பணியைக் குறித்த அவருடைய குறைகூறல்கள் கடலையும் கடந்தன. தளபதியின் எதிர்ப்பை அங்குள்ளோர் எளிதில் புரிந்துகொண்டனர். உடன் ஊழியரின் சாட்சியத்துக்கு விடையளிப்பதுதான் கடினமாயிற்று. புளுட்சோவும் அதே 1711இல் தாயகம் திரும்பி, அங்கே இப்பணிக்காக வாதாடி, பின்பு ஹோல்ஸ்டைன் நாட்டில் பெய்டன்பிளத் என்னும் ஊரில் ஆயராகப் பணியாற்றினார்.

இக்காலத்தில் நிகழ்ந்த வேறொரு காரியத்தைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது நாம் வியப்படைகிறோம். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே அவர் சிறைப்பட்டார். மொழிபெயர்ப்பு முடிந்தது 1711 மார்ச்சில். அதாவது, நம் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிறப்பு, ஒரு பக்கம் தளபதியின் சிறைக்கும் மறுபக்கம் உடன் ஊழியரின் பிணக்கிற்கும் இடையில் நிகழ்ந்தது. சமாதானம் வரட்டும், பின்பு வேலை செய்வோம் என்று அவர் காத்திருந்தால், அப்புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியிருக்காது. எரிச்சல் நீங்கிய நாளில் நற்பணி தொடங்கும் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் எண்ணம். அந்த நாள் வருவதில்லை.

உடன் ஊழியர் எல்லோரும் போவிங்கைப் போன்றவர் அல்லர். கிரண்ட்லர் 1677இல் பிறந்தவர்; சீகன்பால்குவினும் ஐந்து ஆண்டுகள் மூத்தவர். ஆயினும் இளையவர் தலைமையில் பணியாற்ற அவர் தயங்கவில்லை. தம் தனித்திறமையைப் புதைத்துவிடவும் இல்லை. தமிழ் மருத்துவ முறைகளைக் கற்று, 1711இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தமிழ் அறிஞர்களிடம் கேள்விகள் அனுப்பி அவர்களுடைய விடைக் கடிதங்களைப் பெற்று ஜெர்மன் மொழிக்குப் பெயர்க்கும் முயற்சியில் சீகன்பால்குவோடு இணைந்து உழைத்தார். 1714 முதல் 1716 வரை சீகன்பால்கு ஐரோப்பாவில் இருந்தபோது பணி முழுவதையும் தாங்கினார். அவர் திரும்பியதும் பொறுப்பை மனங்கோணாமல் பகிர்ந்துகொண்டார். ஈராண்டுகள் முதலாவதாயிருந்தவர் மறுபடியும் இரண்டாவதாக அமர்வது எவ்வளவு அரிது என்பதை, இடைக்காலப் பொறுப்பு வகித்த எவரும் அறிவர்.

சீகன்பால்குவின் அப்பயணத்திற்கு ஹாசியஸோடு நீடித்த பிணக்கும் ஒரு காரணம். அதன்பின் ஹாசியஸ் பதவியிலிருந்து நீங்கினார். 1716இல் சீகன்பால்கு திரும்பியபோது தரங்கம்பாடியில் இணக்கமான புதிய தளபதி இருந்தார். அருகிலிருந்த இடர் நீங்கிற்று. ஆனால் தொலைவிலிருந்து வேறோர் இடர் வந்துகொண்டிருந்தது.

5. தொலைவிலிருந்து வந்த கடிதங்கள்

அதற்கு முன்பு, அன்புள்ள மேலோராலும் வருத்தம் உண்டாகக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு தேடித்தொகுத்த பெருநூல் 1713இல் முடிந்து ஹாலேக்கு அனுப்பப்பட்டது. அருட்தொண்டரின் வேலை இதுவன்று என்று கருதிய பிராங்கே அதனை அச்சிடவில்லை. அது முதன்முதல் அச்சேறியது 1867இல், சென்னையில். 154 ஆண்டுகள் கழித்து! இன்று சமயவியல் அறிஞர் பெரிதும் மதிக்கும் அந்நூலைத் தடுத்தவர் பகைவரல்லர். அதை எழுதியவரின் ஞானத்தகப்பன். ஆயினும் சீகன்பால்கு ஹாலேயோடுள்ள உறவை முறித்துக்கொள்ளவில்லை.

1714இல் கோப்பன்ஹேகனில், இப்பணியை மேற்பார்வை செய்ய அரசர் ஒரு மிஷன் சங்கத்தை ஏற்படுத்தினார். அதன் செயலராயிருந்த கிறிஸ்டியன் வெண்ட் பக்தியுள்ளவர். அருட்தொண்டர் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையராய்ப் புறப்பட்டு, ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிக்க வேண்டும். கட்டடங்களும் பள்ளிகளும் குடும்ப வாழ்வும் அவர்களைக் கட்டிப்போடுகின்றன என்பது அவர் கொள்கை. தரங்கம்பாடியிலோ பள்ளிகள் இருந்தன, அச்சகம் இருந்தது, பொறையாற்றில் காகித ஆலை தொடங்கப்பட்டிருந்தது, இரு ஊழியரும் மணம் புரிந்திருந்தனர், 1717இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இவற்றையெல்லாம் குற்றமாகக் கண்ட வெண்டின் கடுங்கடிதங்கள், சீகன்பால்குவின் இறுதி ஆண்டுகளைக் கசப்பாக்கின. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் இறந்தார். வயது 36.

அக்கடிதங்களே அவரைக் கொன்றன என்று சொல்வது வரலாறாகாது. நோயும் ஓயாத உழைப்பும் அவர் உடலை முன்பே தளர்த்தியிருந்தன. வெண்ட் சொன்னது முழுவதும் தவறு என்பதும் நேர்மையாகாது. கட்டடங்களும் சொத்துகளும் திருச்சபையைக் கட்டிப்போடும் என்ற அவருடைய அச்சம் வீணானதன்று. சொத்து வழக்குகளால் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நம் சபைகள் அதற்குச் சாட்சி. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அவர் தரங்கம்பாடியின் வெயிலில் ஒருநாளும் நின்றதில்லை. அவர் எழுதும் கேள்வி போய்ச்சேர்ந்து, அதற்கு விடை வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் கழிந்துவிடும். ஆகவே கேட்டறிந்தபின் கண்டிப்பதற்குப் பதிலாக, கண்டித்தபின் கேட்டறிவதே வழக்கமாயிற்று. உயர்ந்த கொள்கையும் நெடுந்தூரமும் சேர்ந்தால் மனிதர் கண்ணுக்குத் தெரியாமற்போவர்.

இன்னொரு கடிதத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1719 ஜனவரி 7ஆம் நாள், காண்டர்பரி அத்தியட்சர் வில்லியம் வேக், சீகன்பால்குவுக்கும் கிரண்ட்லருக்கும் அவர்களுடைய பணியை மிக உயர்வாகப் பாராட்டி எழுதினார். எழுதும்போது சீகன்பால்கு உயிரோடிருந்தார். கடிதம் தரங்கம்பாடியை அடைந்தபோது அவர் புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். கண்டனம் காலத்தில் வந்தது. பாராட்டு காலங்கடந்து வந்தது. இது கப்பலின் தாமதம். நம் சேகரங்களில் கப்பலில்லை. எனினும் பாராட்டு பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் வந்து சேருகிறது.

பாராட்டையும் கண்டனத்தையும் தனியாகப் பெற்றுக்கொண்டவர் கிரண்ட்லர். அவரும் நோயுற்றவர், இருந்தும் 1719 செப்டம்பரில் வந்த பெஞ்சமின் சுல்ட்ஸ் முதலிய புதியவர்களை வரவேற்று, அவர்கள் பணியைத் தொடர வழிசெய்தார். நண்பர் இறந்து பதின்மூன்று மாதங்கள் முடியுமுன், 1720 மார்ச் 19ஆம் நாள் அவரும் இறந்தார். அவருடைய கல்லறையும் அதே ஆலயத்தில் உள்ளது.

6. நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, எரிச்சலை உபத்திரவம் என்று அழைக்காதிருப்போமாக. எருசலேமில் பவுலுக்கு நேர்ந்தது உபத்திரவம். மாற்கின் பொருட்டு அவருக்கும் பர்னபாவுக்கும் நேர்ந்தது கருத்து வேற்றுமை. லூக்கா இவ்விரண்டையும் எழுதுகிறார். ஆனால் ஒரே நடையில் எழுதவில்லை. பர்னபாவை அவர் ஏரோது ஆக்கவில்லை.

இரண்டாவது, எதற்காக எதிர்த்து நிற்பது, எதைக் கடந்து செல்வது என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்வோமாக. பிறருக்கு அநீதி நேரும்போது வாய் திறப்பதும், நமக்கு அவமதிப்பு நேரும்போது வேலையைத் தொடர்வதும் பொதுவான வழியாக இருக்கட்டும். வாய் திறக்கும்போதும், எதிரிலிருப்பவர் பின்வாங்குவதற்கு ஒரு வாசலைத் திறந்தே வைப்போமாக.

மூன்றாவது, வேலையின் எல்லைகளை வரையறுப்போமாக. இரு எஜமானர்களின் கீழ் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் பொறுமையற்றவர் என்று குறைகூறுவது நியாயமன்று. இது சங்கங்களிலும் ஆலோசனைக் குழுக்களிலும் அமர்ந்திருப்போரின் கடமை.

நான்காவது பாடம் கடினமானது. அதைச் சொல்வதற்கு நம் சொந்த அனுபவத்தைச் சொல்லவேண்டியுள்ளது. இளமையில் நாமும் மூத்த குருமாரால் மனம் நொந்ததுண்டு. அப்போது நம்மைச் சீகன்பால்குவாக எண்ணிக்கொண்டோம். பின்பு நாமே ஒரு சேகரத்தின் பொறுப்பை ஏற்றோம். நம் விசாரணையின் கீழ் ஒரு கிராமத்தில் பணியாற்றிய இளம் உபதேசியார் ஒருவர், மாதக் கணக்கை இரண்டு தடவை தாமதமாக அனுப்பினார். அவருக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம். உண்மையுள்ள உக்கிராணக்காரனைப் பற்றிய வேத வாக்கியங்கள் அதில் நிறைந்திருந்தன. எழுதி முடித்ததும், நன்றாக எழுதினோம் என்ற நிறைவும் உண்டாயிற்று.

இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் நேரில் வந்தார். சட்டைப்பையிலிருந்து அக்கடிதத்தை எடுத்து மேசையின்மீது வைத்தார். "ஐயா, கணக்கில் குறைவில்லை. பிள்ளை காய்ச்சலாய்க் கிடந்த நாட்கள் அவை. இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் மனைவி கண்ணில் பட்டால் வருத்தப்படுவாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடுத்த மாதக் கணக்கையும் வைத்துவிட்டுப் பேருந்துக்குச் சென்றார். அவருடைய கிராமம் பதினைந்து மைல் தொலைவுதான். ஏழு மாதக் கடற்பயணம் அன்று. கடிதம் எழுதிய நேரத்தில் அங்குச் சென்று திரும்பியிருக்கலாம். அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்க நமக்கு மேலும் மூன்று நாட்கள் தேவைப்பட்டன. இத்தனைக்கும், தரங்கம்பாடி வரலாற்றை அப்போது நாம் வகுப்பிலும் கற்பித்துக்கொண்டிருந்தோம். வெண்டைப் பற்றிக் கடுமையாகவே பேசியும் வந்தோம்.

ஆகவே நான்காவது பாடம் இது: இவ்வரலாற்றை வாசிக்கும்போது நாம் யாராக இருந்து வாசிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவப் பருவத்தில் எல்லோரும் சீகன்பால்குவாக வாசிக்கிறோம். ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல நம் கையில் முத்திரையும் கடிதத்தாளும் வருகின்றன. ஹாசியஸும் போவிங்கும் வெண்டும் தங்களைத் தீயவர்களாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஒருவர் ஒழுங்கைக் காத்தார். ஒருவர் உபதேசத்தைக் காத்தார். ஒருவர் எளிமையைக் காத்தார். நாமும் ஏதோ ஒன்றைக் காத்துக்கொண்டே பிறரை வருத்துகிறோம்.

முடிவுரை

தரங்கம்பாடிக்குச் செல்லும் மாணவர் புதிய எருசலேம் ஆலயத்தில் இருவருடைய கல்லறைகளையும் காண்பர். ஒருவர் கொதிக்கும் தன்மையர். மற்றவர் பொறுக்கும் தன்மையர். இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் பத்தாண்டுக்காலம் இணைந்து உழைக்க முடிந்தது. அதற்காக ஒருவர் மற்றவராக மாறவேண்டியிருக்கவில்லை. பிலிப்பி சபையின் எவோதியாளையும் சிந்திகேயாளையும் ஒருமனப்படும்படி வேண்டிக்கொண்ட பவுல், அவர்களுக்கு உதவும்படி மூன்றாம் ஒருவரையும் கேட்டுக்கொண்டார் என்பதை மறவாதிருப்போமாக. நம் உடன் ஊழியர் இருவரிடையே மனத்தாங்கல் இருப்பதை அறிந்தால், விடுதித் தாழ்வாரத்தில் அதைப் பேசாமல், அந்த மூன்றாம் ஒருவராக இருக்க முற்படுவோமாக. கண்டனக் கடிதம் ஒன்று நம் மேசைமீது முடிக்கப்படாமல் கிடக்குமானால், அதனை மடித்து வைத்துவிட்டு, முதலில் பேருந்தேறிச் சென்று பார்ப்போமாக.